மூன்றாவது வரியில் ஒரு மைனஸ்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், ஒன்றும் கெட்டுப்போய்விடாது.

இந்த நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை. காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

"மிஸ், நம்ம வண்டி மறுபடியும் நிலாகிட்ட போயிட்டு வந்திருக்கு. நோட்டை எடுங்க."

அனுப்பியது எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்து ஒற்றை அறையில் இருக்கும் பெண். அப்பா தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெரு. பெயர் போடாதீங்க மிஸ் என்று அவள் சொல்லிவிட்டதால் பெயர் இல்லை.

"நம்ம வண்டி" என்று அவள் சொன்னது சந்திரயான்-3ஐ. லேண்டரை அல்ல, ரோவரை அல்ல. அவை இரண்டும் நிலவின் தென்பகுதியில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை முதுகில் சுமந்து நிலா வரை கொண்டுபோய் விட்ட உந்துவிசைக் கலனைத்தான் நாங்கள் வண்டி என்போம். அந்த வண்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. என்னைப் பற்றியும் கொஞ்சம்.

முப்பது வருடத்துக்கும் மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தேன். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்குத் தினம் பஸ். 2022 மே மாதக் கடைசியில் ஓய்வு. சால்வை, சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். வீட்டுக்கு வந்த மறுநாளே பாடப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றச் சொன்னேன். இவர், "டியூஷன் எடுக்கலாமே, பொழுதும் போகும்" என்றார். "வேண்டாம், என் வேலை முடிந்தது" என்றேன். இரண்டு மூன்று பெற்றோர் வந்து கேட்டபோதும் அதே பதில். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து வந்த சாமான்களில் எழுதாத மதிப்பெண் பதிவேடு ஒன்று இருந்தது. நீள நோட்டு, கட்டம் போட்டது. 2023 ஜூலை 14 அன்று அதற்கு ஒரு வேலை கிடைத்தது. அன்று மதியம் 2.35க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ராக்கெட் கிளம்பியது. மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தேன். வெயிலில் கண் கூசியதுதான் மிச்சம். கீழே வந்து டி.வி.யில் பார்த்துவிட்டு, பதிவேட்டில் மாணவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தேதி என்றும், அடுத்த இரண்டு கட்டங்களில் கிட்டத் தூரம், எட்டத் தூரம் என்றும் எழுதினேன்.

நிறையப் பேர் ராக்கெட் நேராக நிலாவைப் பார்த்துப் போகிறது என்று நினைக்கிறார்கள். அவ்வளவு பெரிய ராக்கெட் நம்மிடம் அப்போது இல்லை. நாம் போவது ஊஞ்சல் வழி. ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்து ஆட்டும்போது எங்கே தள்ளுவோம்? ஒவ்வொரு தடவையும் அது கிட்டே வரும் நேரம் பார்த்துத்தான். அதேபோலக் கலன் பூமிக்கு அருகே வேகமாகக் கடக்கும் நேரத்தில் இன்ஜினைக் கொஞ்சம் எரித்தால், மறுமுனையில் அது இன்னும் எட்டிப் போகும்.

என் பதிவேட்டின் முதல் பக்கம் இப்படிப் போகிறது: ஜூலை 15, எட்டத் தூரம் 41,762 கி.மீ. ஜூலை 18, 51,400. ஜூலை 20, 71,351. ஜூலை 25, 1,27,603. கிட்டத் தூரம் மட்டும் இருநூறை ஒட்டியே நிற்கும். ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி, நிலாவை நோக்கி ஒரே தள்ளு.

ஆகஸ்ட் 5 அன்று நிலா அதைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் கலன்தான் இன்ஜினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிடிபட்டது. அதன் பிறகு எண்கள் இறங்குமுகம். 18,074. மறுநாள் 4,313. ஆகஸ்ட் 9ல் 1,437. ஆகஸ்ட் 16ல் 163. இவ்வளவு நாளும் இன்ஜின் எரித்தது, திருப்பியது, குறைத்தது எல்லாம் இந்த உந்துவிசைக் கலன்தான். லேண்டர் அதன்மேல் உட்கார்ந்து வந்தது, திருவிழாக் கூட்டத்தில் அப்பா தோளில் வரும் பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 17 அன்று இரண்டும் பிரிந்தன. கொண்டுவந்து விட்டதற்கு லேண்டர் நன்றி சொன்னதாக இஸ்ரோ வேடிக்கையாக ஒரு பதிவு போட்டது. நான் பதிவேட்டில் அந்தத் தேதிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். வருடக் கடைசியில் மார்க் கூட்டி முடித்ததும் போடுவோமே, அந்தக் கோடு. உந்துவிசைக் கலனுக்கு அதற்குப் பிறகு கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 23 மாலை 6.04 உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான்கு நாளைக்கு முன்புதான் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியிருந்தது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை நாமும் அதே துக்கத்தைப் பார்த்தவர்கள். அன்று விழுந்த விக்ரமின் சிதறல்களை நம் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் நாசாவின் படங்களில் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தது நினைவிருக்கும். அதனால் இந்தத் தடவை எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. இறங்கிவிட்டது என்றதும் தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் தொடங்கி நம் அடையாறுப் பக்கத்து ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர், வீரமுத்துவேல் என்று மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படித்துப் பெருமைப்பட்டோம்.

சுமந்து போன கலன் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இயற்பியல் டீச்சர் நான்.

இப்போது, டியூஷன் வேண்டாம் என்று சொன்ன காரணம்.

2020. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. போனில் வகுப்பு. நாற்பது பெண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் எழுதிய பன்னிரண்டு கட்டங்கள். யார் கேட்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று தெரியாது. பிளஸ் ஒன்னில் ஒரு பெண். கணக்கைப் பார்த்த உடனே கை போடுவாள். தப்பாகப் போட்டாலும் தானே திரும்பிப் போய்த் தேடுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் கிடைப்பார்கள். வீட்டில் ஒரே போன், அதை அவள் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் வகுப்புக்கு வரமாட்டாள். இரவு அவர் வந்த பிறகு, பாடத்தைத் தானே படித்துவிட்டு, நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துச் சந்தேகம் அனுப்புவாள்.

நவம்பரில் ஒரு நாள், இரவு பதினொன்றே கால். ஈர்ப்பியல் பாடத்தில் ஒரு கணக்கு. "மிஸ், விடை வரல. மூணாவது வரில ஏதோ தப்புன்னு நினைக்கிறேன். எங்கன்னு சொல்லுங்க."

பார்த்தேன். நீல டிக் விழுந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். செப்டம்பரில் இவருக்குக் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆனால் நவம்பரில் தேறி வீட்டில்தான் இருந்தார். அன்று எனக்கு இருந்தது வெறும் சலிப்பு. மறுநாள் வேறு இருபது செய்தி வந்தது, அவளுடையது கீழே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து "மிஸ்?" என்று ஒரே ஒரு சொல் வந்தது. அதையும் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். அதன்பின் ஒன்றும் வரவில்லை.

2021 பிப்ரவரி 8 அன்று பிளஸ் ஒன் வகுப்புகள் திறந்தன. இரண்டாவது பெஞ்சில் அவள் இடம் காலி. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு மிஸ். தை மாசமே." பதினாறு வயது. போன் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. முகவரியைத் தேடிக்கொண்டு போனேன். காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 1098க்கு ஒரு போன் செய்திருக்கலாம். அதைச் செய்யக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை, வெட்கமாகச் சொல்கிறேன். அந்த மாதக் கடைசியில் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. வருகைப் பதிவேட்டில் இல்லாதவளைத் தவிர எல்லோரும்.

அவள் கணக்குக்குப் பதில் சொல்லியிருந்தால் கல்யாணம் நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே வழி அந்தப் போன்தான். அதை மூடியவள் நான். படம் இன்னும் போனில் இருக்கிறது. மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. மற்றதெல்லாம் சரி.

பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பாடம் நடத்தினேன். ஆனால் கரும்பலகையில் ஈர்ப்பியல் வரும்போது கை தயங்கும். ஓய்வு வந்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

இனி 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல்.

சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 3ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை 4ஆம் தேதி முழுக்க விடவில்லை. விமான நிலையத்தை மூடினார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாங்கள் பட்டது ஒன்றுமே இல்லை. ஆனாலும் எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, அதனால் குழாயில் தண்ணீர் இல்லை. வாசல் முழுக்கத் தண்ணீர்! இன்வர்ட்டர் மதியமே மூச்சை விட்டது. சிக்னலும் போயிற்று.

பின்பக்கத்து அறைக்குள் தண்ணீர் புகுந்ததும் இஸ்திரிக்காரர் குடும்பத்தை மாடிக்கு வரச் சொன்னோம். அவர், மனைவி, பிளஸ் ஒன் படிக்கும் பெண், ஒரு சின்னப் பையன். ஊரார் துணி மூட்டைகளை முதலில் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார் மனுஷர். "அதெல்லாம் கஸ்டமர் துணிம்மா" என்றார். கடைசியாகத்தான் அந்தப் பெண்ணின் புத்தகப்பை வந்தது. நனைந்து கனத்துப் போயிருந்தது.

அரையாண்டுத் தேர்வு பக்கத்தில் இருந்தது. பிறகு மழையால் தள்ளிப்போனது, அது அன்று தெரியாது. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் படுத்தோம். அந்தப் பெண் மட்டும் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஈரப் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விசிறிக்கொண்டிருந்தாள். இயற்பியல் புத்தகம் என்று அட்டையைப் பார்த்தே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டீச்சரம்மா முழிச்சிட்டுத்தான் இருக்காங்க, கேளேன்" என்று அவள் அம்மா கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"வேணாம்மா. அவங்க இப்போ சொல்லித்தர்றது இல்ல."

கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, என்னிடமா, தனக்குத்தானா தெரியவில்லை, அவள் சொன்னாள்: "இந்த மைனஸ் எங்கருந்து வருதுன்னே புரியல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். இவர் புரண்டு படுத்தவாறு, "டார்ச் அலமாரியில இருக்கு" என்றார்.

ஈர்ப்பு ஆற்றலுக்கு ஏன் மைனஸ் குறி? முப்பது வருடம் வரையறையைச் சொல்லி, தொகையீடு போட்டு நிரூபித்திருக்கிறேன். அன்று கரும்பலகை இல்லை. எதிரே இஸ்திரிக்காரரின் பெண். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மைனஸ்னா கடன்னு வச்சுக்கோ. பூமி பக்கத்துல இருக்கிற எந்தப் பொருளும் பூமிகிட்ட கடன் பட்டிருக்கு. கிட்டே இருந்தா பெரிய கடன், தள்ளி இருந்தா சின்னக் கடன். ரொம்ப ரொம்பத் தொலைவு போயிட்டா கடன் பூஜ்யம். அதான் அங்கே ஆற்றல் சைபர், இங்கே மைனஸ். கடனை அடைக்காம வெளியே போக முடியாது. எதைக் கொடுத்து அடைப்பே?"

யோசித்தாள். "வேகமா, மிஸ்?"

"வேகம்தான். முழுக் கடனையும் ஒரே தடவையில் அடைக்கிற வேகம் எவ்வளவோ, அதுதான் விடுபடு வேகம். பூமிக்கு நொடிக்கு 11.2 கிலோமீட்டர். நிலா எடை குறைஞ்சது, அங்கே கடனும் கம்மி. 2.4 போதும்."

"அப்போ சுத்திக்கிட்டே இருக்கிற சேட்டிலைட்?"

"கொஞ்சம் அடைச்சிருக்கு, முழுசா அடைக்கல. விட்டுப் போகவும் முடியாம, விழவும் இல்லாம வட்டி கட்டிட்டு இருக்குன்னு வச்சுக்கோயேன்."

இருட்டில் அவள் அப்பா சிரித்தார். "நம்ம கதைதான்" என்றார்.

வட்டி என்று சொன்னது இயற்பியல்படி சரியில்லை. சுற்றுவதற்கு எதுவும் செலவாகாது. காலையில் அதைத் திருத்தியும் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி மூன்று கணக்கு போட்டோம். மூன்றிலும் மைனஸ் அதனதன் இடத்தில் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தது, சிக்னலும் வந்தது. போனில் நூறு செய்தி. பால் எங்கே கிடைக்கிறது, படகு எங்கே வருகிறது, யார் வீட்டில் எத்தனை அடி. அதற்கு நடுவே, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்த 4ஆம் தேதியிட்ட இஸ்ரோ அறிவிப்பு ஒன்று. உந்துவிசைக் கலன் நிலாவை விட்டுக் கிளம்பிப் பூமியைச் சுற்றும் பாதைக்குத் திரும்பிவிட்டது.

இரண்டு தடவை படித்தேன். அறிவிப்பில் இருந்தது இதுதான். லேண்டரை இறக்கிவிட்ட பிறகு கலனுக்கு மிச்சம் இருந்தது சிறிய வேலை. பூமியைத் தூரத்திலிருந்து பார்த்து அதன் ஒளியை ஆராயும் ஷேப் என்ற கருவி அதில் இருந்தது. அதை மூன்று மாதம் போல இயக்குவது, அவ்வளவுதான் திட்டம். ஆனால் தொட்டியைப் பார்த்தால் நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் மீதி. ராக்கெட் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது, ஒவ்வொரு தள்ளும் அளவோடு நடந்தது, எதையும் திருத்த வேண்டி வரவில்லை. அதனால் மிஞ்சியது.

மிச்சத்தை வைத்து என்ன செய்வது? அங்கேயே சுற்ற விட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நாளைக்கு நிலாவிலிருந்து மண் எடுத்துவர வேண்டுமென்றால் திரும்பி வரும் வழி தெரிய வேண்டும், அதை இதில் பழகிப் பார்ப்போம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நாம் அதுவரை நிலாவுக்குப் போனது உண்டு, திரும்பியது கிடையாது. ஆளில்லாமல் போய் மண் கொண்டுவந்தது அன்று வரை சோவியத் யூனியனும் சீனாவும் மட்டும்தான்.

அக்டோபர் 9 அன்று 150 கி.மீ. பாதையிலிருந்து 5,112 கி.மீ. எட்டத்துக்கு ஒரு தள்ளு. அக்டோபர் 13 அன்று பூமியை நோக்கி இன்னொன்று. பிறகு நான்கு தடவை நிலாவை நெருங்கிக் கடந்து, நவம்பர் 10 அன்று நிலாவின் பிடியை விட்டு வெளியே. நவம்பர் 22 அன்று பூமியிலிருந்து 1.54 லட்சம் கி.மீ. தூரத்தில் கடந்திருக்கிறது. வழியில் எதன்மீதும் மோதாமல், 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் நம் செயற்கைக்கோள்கள் பக்கமும் வராமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அக்டோபர் 28 ராத்திரி நமக்குச் சந்திர கிரகணம். கீழ்வீட்டு மாமி சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பை போட்டு வைத்தது ஞாபகம் வந்தது. அன்று நாம் பூமியின் நிழல் நிலாமேல் விழுவதைப் பார்த்தோம். அங்கே இருந்த கலனுக்கு அது சூரிய கிரகணம். பூமி போய்ச் சூரியனை மறைக்கிறது. அந்த நேரத்தில் ஷேப் கருவியைத் தனியாக இயக்கிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. நான் ஆகஸ்ட் 17லேயே இரட்டைக் கோடு போட்டு மூடிவிட்டேன்.

பதிவேட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் எண்கள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து கோட்டில் நிறுத்தினாள். "இதுக்கு அப்புறம் ஏன் மிஸ் எழுதல?"

"முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"கடன் அடைச்சிட்டு வந்திருக்கு" என்றாள்.

"நிலா கடனை அடைச்சிட்டு, பூமி கடனுக்கு வந்திருக்கு" என்று திருத்தினேன். டீச்சர் புத்தி எங்கே போகும்! கோட்டுக்குக் கீழே அக்டோபர் 9 என்று அவளையே எழுதச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பெட்டி இறங்கியது. பணம் வாங்குவதில்லை என்றேன். அவள் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டுத் துணிக்கு இஸ்திரிக் காசு வாங்கமாட்டேன் என்று அவரும், டியூஷனுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று நானும் பிடிவாதமாக இருக்கிறோம். இவருடைய பனியனுக்குக்கூட மடிப்பு விழுகிறது.

பிறகு அவள் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது கூடத்தில் ஆறு பேர் உட்காருகிறார்கள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் கூட்டிப் போனேன். ஒரு விதி மட்டும் வைத்திருக்கிறேன். இரவு எத்தனை மணிக்குச் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே பதில். தெரியாவிட்டால் "தெரியவில்லை, நாளை சொல்கிறேன்" என்றாவது பதில். யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவேன். போன தை மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே கல்யாணம் எதுவும் இல்லை, அம்மைதான் போட்டியிருந்தது. அதைக் கேட்டபோது வந்த நிம்மதியை வெளியே காட்டிக்கொள்ளாமல் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எதிர்பார்ப்பதுபோல நூற்றுக்கு நூறு கதை எல்லாம் இல்லை. கீழ்வீட்டுப் பெண் பிளஸ் டூவில் இயற்பியலில் 71 வாங்கினாள். இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம். ஆங்கிலத்தில் பாடம் எடுக்கிறார்கள், தலை சுற்றுகிறது என்கிறாள். சுற்றட்டும், பழகிவிடும்.

சரி, இந்த நவம்பர் செய்திக்கு வருகிறேன். இரண்டு வருடமாகப் பூமியைத் தூரத்திலிருந்து சுற்றிக்கொண்டிருந்த நம் வண்டி, நவம்பர் 4 அன்று மறுபடி நிலாவின் ஈர்ப்புப் பிடிக்குள் போயிருக்கிறது. யாரும் இன்ஜினை எரித்து அனுப்பவில்லை. அதன் பாதையும் நிலாவின் பாதையும் தானாகச் சந்தித்திருக்கின்றன. நவம்பர் 6 அன்று நிலவின் தரைக்கு மேல் 3,740 கி.மீ. தூரத்தில் கடந்தது. சில நாள் கழித்து இரண்டாவது தடவை, 4,537 கி.மீ. தூரத்தில். 14ஆம் தேதி நிலாவின் பிடியை விட்டு வெளியே வந்துவிட்டது.

முன்பு அது சுற்றிய பாதை ஏறக்குறைய ஒரு லட்சத்துக்கு மூன்று லட்சம் கி.மீ. இந்தச் சந்திப்புக்குப் பிறகு 4.09 லட்சத்துக்கு 7.27 லட்சம். நிலாவின் பாதைக்கும் வெளியே. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு எரிபொருள் ஒரு சொட்டு செலவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிலா, தன்னைக் கடந்து போன சின்ன வண்டிக்குத் தன் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கொடுத்திருக்கிறது. நிலாவுக்கு அது குறைந்ததே தெரியாது. இஸ்ரோவுக்கு இதிலும் பாடம் கிடைத்திருக்கிறது. நிலவின் மண்ணை எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் 2,104 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அந்தக் கலன் திரும்பி வரும்போது, மீதி எரிபொருளில் பழகிய இந்த வண்டியின் கணக்குகளும் அதற்குத் துணையாக இருக்கும்.

கீழ்வீட்டுப் பெண் சொன்னபடி நோட்டை எடுத்தேன். அவளே வந்து எழுதினாள். கட்டம் போதவில்லை, ஏழு லட்சத்தை எழுத அடுத்த கட்டத்துக்கும் போக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், என்னோடு ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். முழங்கால் வலி, சர்க்கரை, பேரன் பேத்தி எல்லாம் எனக்கும் உண்டு. நம் தொட்டியில் என்ன மீதி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

இன்னொன்று, அது வேறு ஒருத்திக்கு. 2020ல் தி. நகரில் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்து, பாதியில் போனவளுக்கு. உனக்கு இப்போது இருபத்தொரு வயது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாய், படிக்கக் கையில் போன் இருக்கிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. இந்த ஆறு பேருக்குச் சொல்லிக் கொடுப்பதால் உன்னிடம் பட்ட கடன் அடைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. அது வேறு கணக்கு. விட்ட படிப்பைத் தொடரலாம், வயது ஒரு தடையே இல்லை. புத்தகம் என்னிடம் இருக்கிறது. என் நம்பர் மாறவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் விட்டுப்போயிருக்கிறது. மற்றதெல்லாம் சரி, கண்ணு.